வாசம் மட்டும்

இத்தாலியில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய விஸ்வநாதன், குற்றாலத்தில் தன் வீட்டுக்கு நண்பர்களை அழைத்துப் பாஸ்தா பரிமாறினான். கூடவே, அங்கிருந்து கொண்டுவந்த ஒயின்களை ஒவ்வொன்றாக ருசி பார்க்கக் கொடுத்தான்.

தாணுமாலயன் மட்டும் கிளாஸை முகர்ந்துவிட்டு, குடிக்காமல் கீழே வைத்தான்.

"ஏம்லே, ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேங்கே?" என்றான் விஸ்வநாதன்.

"டாக்டர் தொடக் கூடாதுன்னுட்டாரு. ஈரல் விஷயம்."

விஸ்வநாதனுக்குக் கோபம் வந்தது.

"எல்லாம் உன் பொண்டாட்டி முத்துவடிவாலதான். அவ விட்டுட்டுப் போயிட்டா. வருசக்கணக்கா கடைச் சோறு. உடம்பு கெடாம என்ன செய்யும்?"

"என் உடம்புக்கு ஒண்ணுமில்லலே. அவளுக்குத்தான் ஈரல் கெட்டுப்போச்சு. அடுத்த வாரம் ஆபரேஷன். என் ஈரல்ல ஒரு பாதிய வெட்டி அவளுக்கு வைக்காங்க."

விஸ்வநாதனின் மனைவி ஜோதிலட்சுமி மெல்லக் கேட்டாள்.

"அவளா கேட்டா, அண்ணாச்சி?"

"இல்லம்மா. வேண்டாம்னு அழுதா. நான்தான் கெஞ்சிச் சம்மதிக்க வச்சேன்."

விஸ்வநாதன் பாட்டிலை ஓரமாக வைத்தான். தாணுமாலயனின் தட்டில் இன்னும் கொஞ்சம் பாஸ்தாவை அள்ளி வைத்தான்.

"நல்லாச் சாப்பிடுலே. தெம்பு வேணும்லா."