ரோட்டோரப் பாத்தி

கீரைக்கார அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று மண் பரிசோதகருக்குத் தெரியவில்லை. அவள் முந்தானையைப் பிடித்தபடி ஐந்து வயது மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? என் மண்ணு பாஸா, ஃபெயிலா?”

“உள்பக்கம் எல்லாம் சுத்தம்க்கா. ரோட்டோரப் பாத்தியிலதான் காலங்காலமா வண்டிப் புகையில வந்த ஈயம் படிஞ்சிருக்கு. கீரையிலயும் ஏறியிருக்கு, கழுவினாலும் போகாது. சின்னப் பிள்ளைங்க சாப்பிட்டா மூளையை மந்தமாக்கிடும். அதை யார் யாருக்கு வித்தீங்க?”

“அந்தப் பாத்தியில ஒரு இணுக்குகூட வித்ததில்லை.”

பரிசோதகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நல்லவேளை. நாலு வீட்டுப் பிள்ளைங்க தப்பிச்சதுங்க.”

அக்கா இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

“அதுலதான் தம்பி கீரை தளதளன்னு வரும். விக்க மனசு வராம, பால் மறந்த நாள்லேர்ந்து இவளுக்குன்னே ஒதுக்கி வச்சேன். இன்னும் பேச்சு வரலையேன்னு, தினமும் ஒரு பிடி கூடவே மசிச்சு ஊட்டுறேன்.”

கீரை என்ற சொல் காதில் விழுந்ததும், மகள் அம்மாவை அண்ணாந்து பார்த்து, வழக்கம்போல் சமர்த்தாக வாயைத் திறந்தாள்.