இலை மேல் பழி

இலைச்சாற்றைக் கொஞ்சமாகக் கலந்தாலும் நிறையக் கலந்தாலும் தோல் செல்கள் சரியாகப் பாதிதான் செத்தன. ஆராய்ச்சியாளருக்கு அதுதான் புரியவில்லை. அந்தச் சாறு பட்டால் பாக்டீரியாக்களுக்குள் சேதிப் போக்குவரத்து நின்றுவிடும். புண்ணில் அவற்றால் கூட்டம் சேர முடியாது. ஆனால் புண்ணுக்குப் போடும் மருந்து தோலையே கொன்றால்?

கூட வேலை பார்ப்பவள் அந்த ஆராய்ச்சியாளரின் நாத்தனார். தட்டுகளில் சாறு ஊற்றி எண் ஒட்டுவது அவள் வேலை. எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதை, செல்களை எண்ணி முடிக்கும்வரை சொல்லக் கூடாது.

"எண்ணியாச்சா அண்ணி?"

"ஆச்சு. மூணு தட்டுலயும் பாதி காலி. இலை விஷம்னு எழுதி இன்னிக்கே திட்டத்தை மூடிடறேன். ரெண்டு வருஷ உழைப்பு!"

"எங்க அண்ணன் மேல இருக்கிற கோவத்தை இலை மேல காட்டாதீங்க. இன்னிக்கு நான் எதுலயும் இலைச்சாறே ஊத்தலை."

"பின்னே?"

"சாறு கரைக்கிற ஆல்கஹால் மட்டும்தான். சாறு கூடினாலும் குறைஞ்சாலும் அது மட்டும் எல்லாத் தட்டுலயும் எப்பவும் ஒரே அளவுதானே?"

மறுநாள் சாற்றிலிருந்த ஆல்கஹாலை ஆவியாக்கி, மிஞ்சிய பசையை ஒரே ஒரு துளி ஆல்கஹாலில் கரைத்து, பாக்டீரியா தட்டிலும் தோல் செல் தட்டிலும் ஊற்றினார்கள். பாக்டீரியாக்கள் கூட்டம் சேரவில்லை. செல்கள் சாகவில்லை.