மேகத்தில் கல்யாணம்

பூசணி இலைக்குள் குண்டப்பன் என்றொரு நீர்த்துகள் இருந்தான். பார்வைக்கு மற்ற தண்ணீர் மாதிரியேதான். பிறவியிலேயே எள்ளைக் கோடியாய் உடைத்த துணுக்களவு எடை கூடுதல், அவ்வளவுதான்.

அன்றைக்கு மேகத்தில் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். வெயில் ஏறியதும், வேரிலிருந்து கூடவே வந்த சொந்தக்காரர்கள் இலைத்துளை வழியே ஆவியாய்க் கிளம்பினார்கள்.

"மாமா, என்னையும் கூட்டிட்டுப் போங்க!"

"எம்பு மாப்ளே! பின்னாலேயே வந்துடுவே," என்று மாமன் பறந்துவிட்டான்.

குண்டப்பன் எம்பி எம்பிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் லேசானவர்கள் முந்திக்கொண்டார்கள். அவன் சறுக்கி விழுந்தான்.

சாயங்காலம் வேரிலிருந்து புதுக்கூட்டம் வந்தது.

"அண்ணே, நீங்க இந்த ஊர்க்காரரா? கல்யாணத்துக்கு எப்படிப் போகணும்?"

குண்டப்பன் துளைவரை கூடவே போய் வழி காட்டினான்.

"சீக்கிரம் போங்க. அங்கே பொண்ணுக்கு அண்ணன் முறைக்கு ஆளில்லையாம்."