ஒழுகாத காம்பரா

"நூறு வருசத்துக்கு முன்னாடி தேயிலைத் தோட்டத்து ஆளுங்க இப்படித்தான் இருந்தாங்க," என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஏழாம் காம்பராவைச் சுற்றிக் காட்டினாள் பிரியந்தி. சென்னையிலிருந்து இலங்கையின் ஹட்டனுக்குச் சுற்றுலா வந்திருந்த முகுந்தனின் குடும்பம் அந்த ஒற்றை அறையை வாய் பிளந்து பார்த்தது.

"இதுக்குள்ள ஆறு பேரா? பாவம்!" என்றாள் அவன் மனைவி.

வெளியே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டுகூட விழவில்லை.

"அப்பா, இந்தப் பானை சுடுது!" என்று மகள் கையை உதறினாள்.

"சோறு பாப்பா. அஞ்சு மணிக்கு மியூசியம் மூடினதும் நாங்க ஆறு பேரும் சாப்பிடணும்ல."

முகுந்தன் திகைத்தான். "அப்போ இது உங்க வீடா?"

"ஆமா சார். கூரை ஒழுகுதுன்னு எட்டு வருசம் மனு குடுத்தோம், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. போன மாசம் வாசல்ல மியூசியம்னு போர்டு மாட்டினேன். பாக்க வர்றவங்க நனையக்கூடாதுன்னு மறுவாரமே தோட்டத்துத் தொரை புதுத் தகரம் போட்டுட்டாரு."