தோய் கிளாஸே

கசில்டாவின் அம்மா ரெமேதியோஸ், பெண்ணை வாத்தியாருக்குத்தான் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் நான் பெண் கேட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி விருந்தில் அவளுடைய முதல் கேள்வியே அதுதான்.

"தம்பி என்ன பண்றீங்க?"

"யுனிவர்சிட்டில தோய் கிளாஸே, அம்மா. சட்டம். ஒன்பது வருஷமா."

பாடம் நடத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டு அவள் முகம் மலர்ந்தது. "எங்க வீட்டுக்காரரும் பொண்ணு கேட்டு வந்தப்போ இதேதான் சொன்னார். சலமாங்கா யுனிவர்சிட்டில பன்னிரண்டு வருஷம்! அப்புறம் சலிச்சுப்போய்ச் செருப்புக்கடை வச்சுட்டார்."

வீட்டுக்காரர் எவரிஸ்தோ தலை நிமிராமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

காபி வருவதற்குள் கல்யாணத் தேதி குறித்தாயிற்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எவரிஸ்தோவைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"சார், நம்ம ஸ்பானிஷ்ல பாடம் நடத்துற வாத்தியாரும் தோய் கிளாஸேன்னுதான் சொல்வார். பெஞ்சுல உட்கார்ந்து கேக்குறவனும் அதையேதான் சொல்வான். நான் பெஞ்சு, சார். ஒன்பது வருஷமா செகண்ட் இயர்."

அவர் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்க மாப்ளே. பன்னிரண்டு வருஷமா நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்னு நினைக்கிறீங்க?"