சுவருக்கு ஒன்றுமில்லை

ஒரு வீட்டின் பின்பக்கச் சுவரில் விரிசல் விழுந்தது. அதில் ஒரு பல்லி குடியேறியது. முதலில் அதன் தலை மட்டும்தான் உள்ளே நுழைந்தது. இரண்டே மாதத்தில் கைகால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்துவிட்டது.

"அண்ணே, என் வீடு பெரிசாகிக்கிட்டே போகுது. பயமா இருக்கு," என்றது பல்லி.

"அது வெறும் கீறல் தம்பி," என்றது சுவர்.

மழை பிடித்துக்கொண்டது. ஓதம் ஏறி, சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது.

"தோல் உரியுதேண்ணே!"

"சட்டையைக் கழட்டிட்டுக் காத்து வாங்குறேன்."

வீட்டுக்காரர் கொத்தனார் இருளப்பனைக் கூட்டிவந்தார். "இப்பவாவது வாயைத் திறந்து காட்டுங்கண்ணே," என்று பல்லி கெஞ்சியது. கொத்தனார் கையில் இருந்த உளியைப் பார்த்ததும் சுவர் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டது. விரிசல் இறுக மூடியது.

கொத்தனார் தட்டிப் பார்த்தார். "பூச்சு மட்டும்தான் போயிருக்கு. தை மாசம் பாத்துக்கலாம்," என்று கிளம்பினார்.

மூடிய விரிசலில் மாட்டிய பல்லியின் வால் அறுந்துபோயிருந்தது. அது அழுதுகொண்டே எதிரே இருந்த வேப்பமரத்துக்குக் குடிபோனது.

மறுநாள் மத்தியானம் சுவர் தடாலென்று சரிந்தது. பல்லி பதறியடித்து ஓடிவந்தது. அங்கே செங்கல் குவியல்தான் கிடந்தது.

"அண்ணே! என்னண்ணே ஆச்சு?"

குவியலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல தம்பி. எத்தனை வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன்? சும்மா கொஞ்சம் உக்காந்திருக்கேன்."