படத்தில் உள்ளவை கற்பனையே

அன்னூர் பேருந்து நிறுத்தத்தில் தன் படத்தின் நிழலிலேயே நின்றுகொண்டிருந்தார் காளிச்சாமி.

தலைக்கு மேலே நாற்பதடி விளம்பரப் பலகை. அதில் அவர் கயிற்றுக் கட்டிலில் கண்மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் தென்னந்தோப்பு. அதற்கும் பின்னால், எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு நீல மலை.

'நீங்கள் தூங்குங்கள். மோட்டாரை எங்கள் செயலி பார்த்துக்கொள்ளும்.'

உச்சிவெயில் காற்றில் பலகை அசைய, கட்டில் மிதந்தது. கீழே நிற்கும் தன்னைத்தான் மேலே இருப்பவர் கனாக் காண்கிறாரோ என்று காளிச்சாமிக்கே சில நேரம் தோன்றும்.

நடிக்கப் போய் வந்தவர் என்று ஊரில் மரியாதை. கல்யாண வீடுகளில் முதல் பந்தி. அவரும் மறுக்கவில்லை.

"ஏனுங்க, அந்தத் தூங்கறவரு நீங்கதானுங்களே?"

கேட்ட பெண்ணின் பெயர் பாவாத்தாள். இரண்டு ஏக்கரில் நேந்திரன் வாழை. கிணறு வற்றினால் செயலியே மோட்டாரை நிறுத்திவிடும் என்று நம்பிப் படுத்திருக்கிறார். கிணறு வற்றியது. செல்போனில் பச்சை விளக்கு எரிந்தது. கூடவே மோட்டாரும் எரிந்தது. இப்போது வாழை தலைசாய்ந்துகொண்டிருக்கிறது.

நிறுவனத்துக்கு மூன்று நடை நடந்துவிட்டார். விளம்பரப் பிரிவு மென்பொருள் பிரிவைக் காட்டியது. மென்பொருள் பிரிவோ, 'நிறுத்த முயலும்' என்றுதான் எழுதிக் கொடுத்தோம் என்றது. வக்கீல் ஏசி அறையில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, விளம்பரத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த வரியைக் காட்டினார்: படத்தில் உள்ளவை கற்பனையே. ஆளாளுக்கு அம்மணி, அம்மணி என்றார்கள். 'நான்தான் பொறுப்பு' என்று தன் பெயரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு எழுதிய மனு பாவாத்தாளின் கையில் இருந்தது. ஆதாரம் என்ற இடம் காலி.

"இத்தன நிம்மதியாத் தூங்கற மனுசன் பொய் சொல்ல மாட்டாருன்னு உங்க மூஞ்சியப் பாத்துத்தானுங்க நம்புனேன். நீங்களாச்சும் சொல்லுங்க, இதுக்கு ஆருங்க பொறுப்பு?"

காளிச்சாமிக்கான பேருந்து வந்து நின்றது. போயும் விட்டது.

எட்டு மாதமாகப் பெண்டாட்டிக்கும் காட்டாமல் சட்டை உள்பையில் வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இத வெச்சுக்குங்க அம்மணி. பேரு, கையெழுத்து, சீலு எல்லாமே இருக்குதுங்க."

பாவாத்தாள் பிரித்தார். அதே நிறுவனத்தின் கடிதம்.

'காவலாளி காளிச்சாமி பணி நேரத்தில் உறங்கியதால், பொறுப்பின்மை காரணமாக உடனடியாக நீக்கப்படுகிறார். இப்படிக்கு, மனோஜ்குமார், மேலாளர். சான்று: புகைப்படம் ஒன்று.'

புகைப்படத்தில் கட்டில் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி. தோப்பு இல்லை, நிறுவனத்தின் பெயர் பொறித்த இரும்புக் கதவு. சட்டை காக்கி.

சிரிப்பு மட்டும் அதேதான்.